உலகச் சந்தையும் நம் வீட்டுப் பெண்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூரைக் கொட்டகையொன்றில், ஒரே ஒரு குழல் விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இந்நாளில் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளப் பலர் இருக்கிறார்கள். நமக்கோ சற்றுக் கசப்பான பொருளொன்று பேசக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உலகமயமாதலும் வட்டார வணிக ஒப்பந்தங்களும் பெருகிவரும் காலத்தில் ஆண் பெண் சமத்துவத்தை வளர்ப்பது எவ்வாறு என்பது தலைப்பு. இதைக் கேட்டதும், இது ஜெனீவாவில் பேச வேண்டிய பொருளாயிற்றே, நம் தெருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் சிலர் நகைத்தனர். அவர்களிடம் நாம் ஒன்றே கேட்டோம்: விடியற்காலை ஐந்து மணிக்கு நம் தெருமுனையில் வந்து நிற்கிறதே மில் வண்டி, அது எந்த ஊர்ச் சந்தைக்காக ஓடுகிறது?

இம்மலருக்காகச் சங்கத்தின் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆண்பிள்ளைகளின் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து செல்கின்றன. பெண்பிள்ளைகளின் பெயர்களில் பல பத்தாம் வகுப்போடு சிவப்பு மையால் கோடிடப்பட்டிருக்கின்றன. கோட்டின் ஓரத்தில் ‘நின்றுவிட்டாள்’ என்ற குறிப்பு. ஓரிடத்தில் மட்டும் ஆசிரியர் இன்னொரு சொல்லையும் சேர்த்து எழுதியிருக்கிறார்: ‘மில்லுக்கு.’ அப்பெண்ணின் தம்பியின் பெயர் அடுத்தடுத்த பதிவேடுகளில் தொடர்கிறது. அவர் பொறியியல் படித்து முடித்தார்; இவ்விழாவுக்கு நன்கொடையும் அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. அவருடைய படிப்புக்கு யாருடைய கூலி கட்டணமாயிற்று என்பதை நம் ஆண்டறிக்கைகளுள் ஒன்றுகூடக் குறிக்கவில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

இது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

திருப்பூர்ப் பனியன் தொழில் ஒரு காலத்தில் பெரிதும் ஆண்களின் தொழிலாக இருந்தது. 1984-ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரி அங்கே 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நின்று போராடியவர்களில் பெரும்பாலோர் ஆண் தொழிலாளர்கள். அதற்குப் பின்னரே ஏற்றுமதி பெருகியது, துணை ஒப்பந்தங்கள் பெருகின, பெண்கள் கூட்டங்கூட்டமாக வேலைக்குச் சேர்க்கப்பட்டனர். பிசிர் வெட்டவும், செக்கிங் செய்யவும், பிறகு ஓவர்லாக், பவர்டேபிள் எந்திரங்களில் தைக்கவும் அமர்ந்தனர். 1991-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்கள் வந்தன. 1995 ஜனவரி முதல் நாள் உலக வணிக அமைப்பு தோன்றியது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் துணிக்கு விதித்திருந்த கோட்டா முறை பத்தாண்டுகளில் படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி முதல் நாள் முற்றிலும் நீங்கிற்று. எவ்வளவு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நிலை பிறந்தது. எவ்வளவு குறைந்த விலைக்கு, எவ்வளவு விரைவில் தர முடியும் என்ற போட்டியும் அதனுடன் பிறந்தது. நம் சங்கத்தின் முதற் பத்தாண்டும் நூற்பாலைகள் பெருகிய அந்தப் பத்தாண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதை மறவாதீர்கள்.

இரவும் பகலும் ரிங் பிரேம் ஓடவேண்டும். அதற்கு மூன்று ஷிப்டுக்கும் ஆள் வேண்டும். ஊருக்குப் போகாத ஆள், சங்கம் சேராத ஆள், சில ஆண்டுகளில் தானாகவே விலகிவிடும் ஆள் வேண்டும். இத்தகைய ஆள் எங்கே கிடைப்பார்? திருமணத்துக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண்ணைத் தவிர வேறு யாரிடமும் இத்தனை ‘தகுதிகளும்’ ஒருங்கே அமைவதில்லை. இங்கேதான் சுமங்கலித் திட்டம் என்றும், திருமகள் திருமணத் திட்டம் என்றும் மங்கலப் பெயர்கள் சூட்டிக்கொண்டு அந்த ஏற்பாடு நம் வாசலுக்கு வந்தது. மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்றனர். அந்தத் தொகை அவளுடைய சொந்தக் கூலியிலிருந்து பிடித்துவைக்கப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்தோம்? இடையில் நோயுற்று வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அத்தொகையும் கிடைக்கவில்லை.

மூன்றாண்டு என்பதற்குள் ஒரு சட்டச் சூழ்ச்சியும் இருந்தது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 24 மாத காலத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளராக வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் பயிற்சியாளர்க்கு அது பொருந்தாது. ஆகவே மூன்றாண்டு முழுவதும் நம் பெண்கள் பயிற்சியாளர்களாகவே வைக்கப்பட்டனர். கோன் வைண்டிங்கில் ஓர் இழையைப் பிடித்து முடிச்சிடக் கற்றுக்கொள்ள மூன்றாண்டு வேண்டுமா என்று எந்தத் தந்தையும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

‘நாமும்’ என்று சொல்வது வெறும் பணிவுக்காக அன்று. ஆள் சேர்க்க வந்த தரகர் வெளியூர்க்காரர் அல்லர், நம்மவரே. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு என்று ஆலையிடம் தரகு பெற்றவர். வயதுச் சான்றுக்காகப் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலில் கையொப்பமிட்டுக் கொடுத்தவர்களில் நம் சங்கப் பொறுப்பாளர்களும் இருந்தனர். நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். மழை பொய்த்த ஆண்டு அது. காட்டு வேலைக்குப் போனால் மேல்சாதி நிலக்காரரின் ஏச்சுக்கு நடுவே நாட்கூலி. மில்லுக்குப் போனால் நிழலில் வேலை, மூன்று வேளைச் சோறு என்று தந்தையர் சொன்னபோது மறுக்க நமக்கு வாயில்லை. இன்றும் அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதாகவே கருதுகிறோம். ஆலைக் கூலி பல வீடுகளை வட்டிக் கடனிலிருந்து மீட்டது. நிலக்காரர் வாசலில் கைகட்டி நிற்கும் வழக்கம் நம் தெருவில் ஒழிந்ததற்கு அந்தக் கூலியும் ஒரு காரணம். உலகச் சந்தை நமக்கு எதுவுமே தரவில்லை என்று பேசுவது எளிது. அது உண்மை அன்று. சாதியூரின் பிடியைத் தளர்த்திய அதே சந்தை, அந்தத் தளர்ச்சிக்குரிய விலையைப் பெண்ணிடமிருந்து மட்டும் வாங்கிக்கொண்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

இனி, நம் ஆலைகளின் நூல் எங்கே போகிறது என்று பார்ப்போம். இந்தியப் பருத்தி நூலை மிகுதியாக வாங்கிவந்த நாடுகளுள் வங்கதேசமும் ஒன்று. நம் பெண் இங்கே நூற்ற நூலை டாக்காவிலும் காஜிபூரிலும் இன்னொரு பெண் சட்டையாகத் தைக்கிறாள். தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாடு 2006-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டில் வங்கதேசம் உள்ளிட்ட பின்தங்கிய அண்டை நாடுகளின் ஏறத்தாழ எல்லாப் பொருள்களுக்கும் இந்தியா சுங்கவரியை நீக்கியது. அப்போது, அங்கிருந்து மலிவான சட்டை வந்து குவியும், நம்மூர் வேலை போய்விடும் என்று இங்கே அச்சம் எழுந்தது. போட்டிக்காரி என்று நமக்குக் காட்டப்பட்டவள் யார் என்பது 2013 ஏப்ரல் 24 அன்று தெரிந்தது. டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். சுவரில் விரிசல் கண்டு முதல் நாளே வெளியேறியவர்களை, மறுநாள் சம்பளத்தைக் காட்டி மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். மேல்நாட்டுக் கடைக்குக் குறித்த நாளில் சட்டை போய்ச் சேர வேண்டியிருந்தது.

அவளும் நம் மகளும் ஒரே இழையின் இரு முனைகளில் நிற்பவர்கள். 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரை வழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே மாதத்தில் இந்தியா அந்நாட்டு ஆயத்த ஆடைகள் தரை வழியாக வருவதைத் தடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தது. திருப்பூரில் ஆர்டர்கள் தேங்கின. தலைநகரங்களில் எழுதப்படும் ஓர் ஆணை, ஷிப்டு குறைப்பாக நம் தெருவுக்கு வந்து சேருகிறது. ஷிப்டு குறையும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் நிரந்தரம் பெறாதவர். நிரந்தரம் பெறாதவர் யார் என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு ஒரு புதிய வழி பிறந்தது. அதுவரை மேல்நாட்டு ஆடை நிறுவனங்கள் ‘நன்னடத்தை விதி’ என்று தாமே எழுதி, தாமே மேற்பார்த்து, தாமே பாராட்டிக்கொண்டிருந்தன. 2013-இல் முதன்முறையாக அந்நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. அந்த முறை நம் மாவட்டத்துக்கு வந்த கதையை இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும். அது நம்மவர் கதை.

2021 ஜனவரியில், திண்டுக்கல் வட்டாரத்து ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அப்பெண் டி.டி.சி.யு. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொழிற்சங்கத்தின் உறுப்பினர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் அது. பல காலமாக அவருக்குத் தொல்லை இருந்ததாகக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தோரும் கூறினர். இத்தகைய சாவுக்கு நம் ஊர்களில் வழக்கமாக என்ன நடக்கும்? இரண்டு நாள் சாலை மறியல், ஓர் உதவித் தொகை, பிறகு மௌனம். இம்முறை அவ்வாறு முடியவில்லை. அச்சங்கத்துப் பெண்கள் ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளோடு கை கோத்து, ஆடை வாங்கும் மேல்நாட்டு நிறுவனங்களின் வாசலுக்கே வழக்கைக் கொண்டு சென்றனர்.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆலை உரிமையாளரும் தொழிற்சங்கமும் உடன்பாடு செய்துகொண்டனர். எச் அண்டு எம் நிறுவனம் முதலிலும், கேப், பி.வி.எச். ஆகியவை பின்னரும் அதில் இணைந்தன. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுப்பது அவ்வொப்பந்தத்தின் சிறப்பு. வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்து பயிற்றப்பட்டனர். தொல்லை குறித்து முறையிட்டவர் மீது பழிவாங்கல் கூடாது. ஒப்பந்தத்தை ஆலை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனம் வணிகத்தில் அதற்கு விலை கொடுக்கச் செய்யும். முதலாண்டில் 180-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன.

இந்த எண்ணிக்கையைக் கண்டு, ஓர் ஆலையில் இத்தனை புகாரா என்று ஒருவர் முகம் சுளித்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் குறையே இல்லையென்று அவர் எண்ணினார் போலும்.

சுங்கச் சட்டமும் இதில் இடம்பெற்றது. கட்டாய உழைப்பால் ஆன பொருள் என்ற ஐயத்தின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் அவ்வாலையின் ஆடைகளுக்குத் தடை விதித்தது. ஒப்பந்தத்தின்படி நடைபெற்ற சீர்திருத்தங்கள் எடுத்துக்காட்டப்பட்ட பின், செப்டம்பரில் அத்தடை நீங்கியது. வழக்கமாக இத்தகைய தடை நீங்க நெடுங்காலம் ஆகும். வணிகச் சட்டத்தின் கத்தி முதலாளியின் பக்கமே எப்போதும் திரும்பியிருக்க வேண்டும் என்பதில்லை. பிடியைப் பற்ற வலுவுள்ளோர் இருந்தால் தொழிலாளிக்கும் அது பயன்படும்.

அவ்வாறாயின் அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலேயே இப்பாதுகாப்பை எழுதிவிடலாகாதா என்ற வினா எழும். 2017 டிசம்பரில் உலக வணிக அமைப்பின் மாநாட்டையொட்டி, வணிகமும் பெண்களும் குறித்த அறிக்கை ஒன்றை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. இந்தியா சேரவில்லை. பாலினச் சமத்துவம் வணிகப் பேச்சில் நுழையலாகாது என்றது. ஏழை நாட்டின் பொருளுக்குத் தடைபோட மேல்நாட்டார் இதையும் ஒரு சாக்காக்குவர் என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சம் முற்றிலும் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். பின்னர் நிலை மாறிற்று. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரித்தானிய ஒப்பந்தத்தில் பாலினச் சமத்துவத்துக்கெனத் தனி அத்தியாயமே இடம்பெற்றது. அதற்கு முன் 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு செய்த ஒப்பந்தத்திலும் தொழிலாளர் நலன் பற்றிய பகுதி உண்டு. ஆனால் அந்த ஐரோப்பிய ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். சுங்கவரியில் தகராறு வந்தால் நடுவர் மன்றம் உண்டு. தொழிலாளர் நலன் பற்றிய பகுதியில் தகராறு வந்தால் அந்த நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பேல் பஞ்சுக்குக் கிடைக்கும் நீதி அதை நூற்றவளுக்குக் கிடைப்பதில்லை.

திண்டுக்கல்லில் வென்றது எழுத்து மட்டும் அன்று. எழுத்துக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தில் படிக்கத் தெரிந்த பெண்கள் இருந்தனர். இந்த இடத்தில்தான் நம் கல்விச் சங்கத்தின் கடமை தொடங்குகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்க்கான மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாக உரைத்தார். நம் சங்கத்தின் ஒவ்வொரு விழாவிலும் இக்கருத்தை எடுத்துச் சொல்லி வருகிறோம். அந்த அளவுகோலை நம் பதிவேட்டின் மேல் வைத்துப் பார்த்ததில்லை.

நம் மாலை வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அந்நேரத்தில் பெண்பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியிலும் அடுப்படியிலும் இருப்பார்கள். ஷிப்டுக்குப் போகும் பெண்களோ ஆலையில் இருப்பார்கள். இந்த நேரத்தை வகுத்தவர்கள் ஆண்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் இதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஆலைப் பெண்களுக்கென ஒரு வகுப்பு நடத்தலாம். நின்றுபோன பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுத வழிகாட்டலாம். சம்பளச் சீட்டைப் படிக்கவும், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பிடித்தம் சரியா என்று பார்க்கவும் கற்பிக்கலாம். 2013-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணின் தலைமையில் புகார்க் குழு அமைக்க வேண்டும். அக்குழுவில் வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். அதில் இடம்பெறத் தகுதியுள்ள பட்டதாரிப் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சம கூலிச் சட்டம் 1976-இல் வந்தது; அதன் கருத்து 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் என்ன மாறிற்று, என்ன நின்றது என்று அப்பெண்களுக்கு எடுத்துச் சொல்ல நம்மிடம் சட்டம் படித்த இளைஞர்கள் இருவர் உள்ளனர். அவர்கள் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. மகளின் சம்பளம் யாருடைய கணக்கில் சேருகிறது, வங்கி அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தந்தையும் அண்ணனும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. நம் பாட்டிமார் காலத்தில் நம் சமுதாயத்தில் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கட்டினார்கள். மேலோரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வரதட்சணைக்காகவே நம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்தோம். அரசே திருமண உதவித் திட்டத்தை மாற்றி, 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. தாலிக்குத் தந்த பணத்தைக் கல்லூரிக்குத் திருப்ப அரசுக்கே தோன்றியபோது, நம் சங்கத்தின் திருமண நிதியை என்ன செய்வது என்று பொதுக்குழு இன்னும் பேசவில்லை.

இறுதியாக ஒன்று. பிற்பகலில் நிர்வாகக் குழுத் தேர்தல் நடைபெறவிருக்கிறது. இதுவரை பெண்கள் அக்குழுவில் இருவருக்கு மேல் இருந்ததில்லை. அவ்விருவரும் கோலப் போட்டிக்கும் உணவு ஏற்பாட்டுக்கும் பொறுப்பாளர்களாகவே இருந்தனர். ஆலை வேலைக்குச் சென்று திரும்பிய பெண்கள் சிலர் இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் சந்தா செலுத்திய உறுப்பினர்களே, போட்டியிட முழு உரிமை உள்ளவர்களே. வேட்புமனுப் படிவங்கள் நுழைவாயிலில் உள்ள மேசையில் கிடைக்கும். மூன்று மணிவரை பெற்றுக்கொள்ளப்படும்.